மங்கலான விளிம்பு

கணவர் இறந்த பிறகு அவள் இரண்டு முறை அளந்தாள்.

சூரியனிலிருந்து வெடித்துக் கிளம்பும் மேகம் எவ்வளவு வேகமாக வருகிறது என்று கணிப்பதுதான் அந்த அலுவலகத்தில் இருவருக்கும் வேலையாக இருந்தது. செயற்கைக்கோள் சூரியனை ஒரு தட்டால் மறைத்துவிட்டு, சுற்றியுள்ள வெளிச்சத்தைப் படமெடுத்து அனுப்பும். அடுத்தடுத்த படங்களில் மேகத்தின் விளிம்பைக் குறித்தால், நகர்ந்த தூரத்திலிருந்து வேகம் கிடைக்கும். ஒருவர் குறித்ததை மற்றவர் பார்க்காமல் அளப்பார்கள். பிறகு இரண்டுக்கும் சராசரி. அவள் பளிச்சென்ற விளிம்பைக் குறிப்பாள். அவரோ அதற்கும் வெளியே புகைபோல் தெரியும் மங்கலையும் சேர்த்துக்கொள்வார். அவர் எண் எப்போதும் கூடுதல்.

"உங்க அவசரம் மேகத்துக்கும் தொத்திக்கிச்சு" என்பாள்.

மாரடைப்பில் அவர் போன பின், அந்த நாற்காலிக்கு ஓர் இளையவள் வந்தாள். கெட்டிக்காரி. ஆனாலும் தன் கணக்கு முடிந்ததும் மூத்தவளான அவளுக்கு முதுகுக்குப் பின்னால் அவர் தொண்டை செருமும் சத்தம் கேட்கும். இன்னும் கொஞ்சம் வெளியே. திரும்பிப் பார்க்க மாட்டாள். மவுஸைப் பிடித்த கை தானாக மங்கலை நோக்கி நகரும். அந்த எண்ணையும் சேர்த்து, இத்தனை மாதங்களாகச் சராசரிக்குள் அவரை ஒளித்து வைத்திருந்தாள்.

ஒரு காலை, மேகம் ஒன்று பூமியை நோக்கி நேராகக் கிளம்பியது. நேரே வருவது நகர்வதாகத் தெரியாது. தட்டைச் சுற்றி வளையமாக விரியும். விரிவதை வைத்து வருவதை ஊகிக்க வேண்டும். இளையவளின் கணக்குப்படி நாளை மறுநாள் மாலை. மூத்தவளின் முதல் கணக்கும் அதுவே. செருமல் கேட்டது, காதோரத்திலேயே. மறுபடி அளந்தாள். மாலை, அதே நாள் விடியலானது.

"அந்த மங்கல் நேத்துக் கிளம்பினதோட மிச்சமா இருக்கலாமே, அக்கா?"

"இருக்கலாம்" என்றாள். ஆனால் சராசரி எடுக்க மனம் வரவில்லை. அவர் எண்ணை மட்டுமே அனுப்பினாள்.

மின்கட்டுப்பாட்டு அறையில் அவள் கொழுந்தன்தான் பொறுப்பாளன். சூரியப் புயல் அடித்தால் நீண்ட மின்கம்பிகளில் வேண்டாத மின்னோட்டம் பாயும், டிரான்ஸ்ஃபார்மர் பொசுங்கும். அவன் மேலிடத்தோடு மல்லுக்கட்டி விடியலுக்குள் மின்சுமையைக் குறைத்தான். ஆலைகள் நின்றன. விடிந்தது, வெயில் ஏறியது. ஒன்றும் வரவில்லை.

"வரும். இன்னும் கொஞ்சம் பொறு" என்று அவள் போனில் கெஞ்சினாள்.

"உங்க அண்ணி சூரியனுக்கே ஜோசியம் பாக்கறாங்களான்னு சிரிக்கறாங்க, அண்ணி. இனி என் பேச்சு எடுபடாது."

மதியம் முழுச் சுமையையும் திரும்ப ஏற்றினார்கள். மாலையில் புயல் வந்தது. துணைமின் நிலையத்தில் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்து, லைன்மேன் ஒருவருடைய இரண்டு கைகளும் வெந்தன.

மறுநாள் கொழுந்தன் கரி படிந்த சட்டையோடு அலுவலகத்துக்கே வந்தான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அது உங்க கணக்கா, அண்ணன் கணக்கா?"

"உன் அண்ணனோடது" என்றாள்.

அவன் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தான். "நினைச்சேன். எங்கிட்டயும்தான் தினம் பேசறாரு. ஆனா சொல்றதை நான் செய்யறதில்ல."

"எப்படி முடியுது?"

"உயிரோட இருந்தப்பவே கேட்டதில்லையே, அண்ணி."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே அது அழுகையானது. தன் கணவர் தவறாகவும் சொல்லக்கூடும் என்பது, அவர் செத்துவிட்டார் என்பதைவிடப் பெரிய செய்தியாக இருந்தது.

மேலதிகாரியிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் நம்பினாரோ இல்லையோ, இனி இளையவளின் ஒப்புதல் இல்லாமல் எதுவும் போகக் கூடாது என்றார். அங்கிருந்து நேரே, தனியாக மருத்துவமனைக்குப் போனாள். லைன்மேனின் கைகள் கட்டுக்குள் தலையணைமேல் கிடந்தன. தான் யார் என்று சொன்னாள். அவர் திட்டவில்லை, அதுவே வலித்தது.

"அடுத்தது வந்தா யாரு அளப்பாங்க?" என்று கேட்டார்.

"ரெண்டு பேர். நானும், எங்கூட வேலை பாக்கற பொண்ணும்."

அவர் அவள் தோளுக்குப் பின்னால் பார்த்துவிட்டு, "அவரை உக்காரச் சொல்லுங்க. எவ்வளவு நேரம் நிப்பாரு" என்றார்.