இரண்டு முனையிலும் பழுப்பு

1

இந்தக் கதையை என் தங்கையின் வாயிலிருந்து பிடுங்கினேன். முப்பது வயது தாண்டி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தானும் பையைத் தூக்கிக்கொண்டு பல்கலைக்கழகத்தில் கணினிப் படிப்பு முதலாண்டு சேர்ந்தவள் அவள். ஒரு நாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே பிராக்டிகல் பரீட்சையில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்திவிட்டாள். பாதிக் கதை கிடைத்தால் எழுதுகிறவனுக்குத் தூக்கம் வருமா?

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கணினி என்பது வன்பொருள், மென்பொருள், இவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் வலைப்பின்னல் ஆகிய மூன்றும்—"

(வேண்டாம். இது அவளுடைய பாடப்புத்தகம். அவள் அதைக் கட்டிக்கொண்டு அழுதது போதும்.)

"புயலென உள்ளே நுழைந்தாள்—"

(இதுவும் வேண்டாம். அவள் பஸ்ஸில் வந்தாள்.)

2

வகுப்பே அவளை அக்கா என்று கூப்பிடும். லேபில் இரண்டிரண்டு பேராக வேலை. அவளுக்கு வாய்த்த கூட்டாளியை எல்லாரும் நெட்டை என்பார்கள். கணினியின் மூடியைக் கழற்றினால் எந்தப் பாகம் எங்கே உட்காரும் என்பது அவனுக்கு அத்துப்படி. ஒரு வேலையை மட்டும் அவள் தலையில் கட்டிவிடுவான்: நெட்வொர்க் கேபிளின் முனையில் கனெக்டர் என்ற செருகியை மாட்டக் கம்பிகளை அடுக்குவது. உள்ளே எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடி, ஜோடிக்கு ஒரு நிறம். வரிசை மாறக்கூடாது.

"நீங்க அடுக்கிக் குடுங்கக்கா, நான் அழுத்தறேன்."

ஒரு நாள் அவள் "அந்தப் பச்சையை எடு" என்றாள். அவன் பழுப்பை எடுத்துக் கொடுத்தான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"பச்சையும் பிரவுனும் எனக்கு ஒண்ணுதாங்க்கா. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. ஸ்கூல்ல தெரிஞ்சப்புறம், இது என்ன கலர், அது என்ன கலர்னு கேட்டே உயிரை வாங்கிட்டாங்க."

"சொல்ல மாட்டேன்டா. வேலையைப் பாரு."

[இங்கே எனக்கு அவன்மேல் சந்தேகம். ஆசிரியரிடம் சொல்லித் தொலைத்திருக்கலாமே? யார் தலையைச் சீவப்போகிறார்கள்? தங்கையிடம் கேட்டேன். "உன்னை வச்சு நாலு பேர் விளையாடியிருந்தா உனக்குத் தெரியும்" என்றாள். சந்தேகத்தை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.]

3

பரீட்சைக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் வழக்கத்தை மாற்றிவிட்டார். மேசையின் இரு பக்கமும் எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு முனை மாட்ட வேண்டும். ஆளுக்கு ஒரே கனெக்டர். அழுத்திவிட்டால் கழற்ற முடியாது. கேபிள் வேலை செய்யாவிட்டால் இருவருக்கும் அடுத்த வருஷம் இதே பரீட்சை.

நெட்டை முந்திக்கொண்டு முடித்து, தன் முனையை மேசைமேல் வைத்தான். உள்ளே இருப்பது தெரியும் கனெக்டர் அது. பச்சை ஜோடி இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு ஜோடி இருந்தது. அக்கா சரியாக மாட்டினால் கேபிள் வேலை செய்யாது. அவனைப் போலவே தப்பாக மாட்டினால் செய்யும்.

(கம்பிக்குத் தன் நிறம் தெரியாது. இங்கே மூன்றாவதாக இருப்பது அங்கேயும் மூன்றாவதாக இருந்தால் அதற்குப் போதும். நிறமெல்லாம் நமக்காக.)

தப்பாகவே மாட்டினாள்.

கேபிளைச் சோதிக்கும் டெஸ்டரில் எட்டு விளக்குகளும் வரிசையாக எரிந்தன. தேர்வாளர் தலையாட்டினார். பிறகு கேபிளை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"வேலை செய்யுது. ஆனா ரெண்டு பக்கமும் அதே தப்பு. தப்பா போட்டவங்களுக்கு மார்க் குறையும், அவ்வளவுதான். பார்த்துக் காப்பி அடிச்சவங்க ஃபெயில். யாரைப் பார்த்து யாரு போட்டது?"

நெட்டை இரண்டு முனைகளையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு எந்தத் தப்பும் தெரியவில்லை.

4

முடிவு ஒன்று: "நான்தான் சார் பார்த்துப் போட்டேன்" என்கிறாள் அக்கா. நிமிர்ந்த தலையுடன் வெளியே நடக்கிறாள்.

தங்கை படித்தாள். "என்னை எதுக்குத் தியாகி ஆக்கறே? நான் பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன்."

முடிவு இரண்டு: நெட்டை எழுந்து, "சார், எனக்கு நிறம் தெரியாது" என்கிறான். தேர்வாளர் நெகிழ்ந்துபோய்—

அந்த இடத்தை அவளே பேனாவால் அடித்தாள். "அவன் சொல்லலை. நானும் சொல்லலை."

"அப்ப நீ பாஸா, ஃபெயிலா?"

"அதை விடுண்ணா. அவர்கிட்ட நான் சொல்லாததை நீ ஊருக்கே சொல்லிட்டிருக்கியே."

சுருக்கென்றது. உட்கார்ந்து திருத்தினேன். நிறம் தெரியாததற்குப் பதிலாக அவனுக்குத் தூக்கக் கலக்கம் கொடுத்துப் பார்த்தேன், காதல் கொடுத்துப் பார்த்தேன், கதை நிற்கவில்லை. உயரத்தை மாற்றினேன். (உண்மையில் அவன் நெட்டையே இல்லை.) அந்த ஒரு விஷயத்தை மட்டும் எடுக்க முடியவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கதையைக் கிழித்துப் போட மனம் வரவில்லை.

5

ஆகவே முடிவு என் கையில் இல்லை. கேபிள் தேர்வாளர் கையில் இருக்கிறது. அக்கா வாயைத் திறக்கிறாள்—

இருங்கள். அவள் பேசுவதற்குள் அவர் உங்கள் பக்கம் திரும்பிவிட்டார். இவ்வளவு நேரம் அந்த மேசைக்குப் பக்கத்திலேயே நின்றது நீங்கள்தானே.

"நீங்க பார்த்துட்டுத்தானே இருந்தீங்க? என்ன நடந்தது, சொல்லுங்க."

நெட்டை இப்போது கேபிளை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறான். நான் சொல்லிக் கெடுத்தது போதும். நீங்களாவது யோசித்துச் சொல்லுங்கள்.