சிவப்பு ஸ்பிரிங்

கார் மேல் போட்டிருந்த உறையைத் தனியாக எடுக்க வேண்டாம் என்று கணவரின் நண்பன் பைலட் முதல் நாளே அவளிடம் போனில் சொல்லியிருந்தான். அண்ணி, குனிந்து இழுத்தால் உங்கள் முதுகு தாங்காது, நாங்கள் வந்து எடுத்துக்கொள்கிறோம் என்றான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் வருவதற்கு முன்பே அவள் அதை மெல்ல மெல்ல உருவி, மடித்து, தூணோரமாக வைத்துவிட்டாள். மூன்று ஆண்கள் நின்று அந்தத் துணியை விலக்குவதைப் பார்க்க அவளுக்குத் தெம்பு இல்லை. ஆஸ்பத்திரியில் ஒரு முறை பார்த்தாயிற்று, போதும்.

கருநீலக் கார். நான்கு கதவு, தாழ்ந்த மூக்கு, பின்னால் விரலளவுக்கு மேலே எழும்பிய விளிம்பு. கடைசி மாதங்களில் அவள் கணவர் மாடி ஜன்னலிலிருந்துதான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு வாரம் ஒரு முறை பைலட் வந்து ஸ்டார்ட் செய்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, நிறுத்திவிட்டுப் போவான். ஓட்டிப் பார்த்ததில்லை. ஓட்டச் சொல்லி அவளும் கேட்டதில்லை. பேனாவையும் ஸ்டியரிங்கையும் இரவல் கொடுக்கக் கூடாது என்பது அவள் கணவர் வைத்திருந்த சட்டம். ஆள் போனாலும் சட்டம் கொஞ்ச காலம் இருக்கத்தானே செய்யும்.

அவள் கணவரும் நண்பர்கள் மூவரும் தங்களை ஞாயிறு கூட்டம் என்று சொல்லிக்கொள்வார்கள். மூடிக் கிடக்கும் ஒரு வணிக வளாகத்தின் முன்னால் கார்களை நிறுத்தி, முன் சக்கரங்களை ஒரு பக்கமாக முழுக்க ஒடித்து வைத்துவிட்டு, டீ வரவழைத்து, வெயில் ஏறும்வரை பேசுவார்கள். சக்கரத்தை ஒடித்து வைப்பது அழகுக்காக. அப்போதுதான் ரிம் தெரியும், உள்ளே பிரேக் தெரியும், அதற்குப் பின்னால் ஸ்பிரிங்கும் தெரியும். ஒரு கார் வந்து நின்றால் முதலில் மூன்று பேரும் அதன் சக்கரத்துக்குள் குனிந்து பார்ப்பார்கள். மனிதர்கள் கை குலுக்குவது போல அது.

பல் டாக்டருக்குக் காரின் முகம்தான் எல்லாம். புது மாடல்களில் முன்பக்கக் கிரில் பெரிதாகிக்கொண்டே போவதைப் பார்த்து, "எத்துப்பல்லு. கிளிப் போட்டே ஆகணும்" என்பார். கட்டடம் கட்டும் காண்ட்ராக்டருக்கு சீட்தான் முக்கியம். குளிர்காற்று வருகிற சீட், இடுப்பைப் பிடித்துவிடுகிற சீட், ஆளை அடையாளம் கண்டு நகர்ந்துகொள்கிற சீட் என்று பேசிப் பேசியே அவருக்கு சோபா என்று பெயர் வந்துவிட்டது. பைலட் என்பதும் பட்டப்பெயர்தான், ஆள் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வகுப்பில் பூனை, ஸ்டியரிங்கில் வேறு ஆள். அவள் கணவரை அண்ணே என்று கூப்பிட்டு, அவர் சொன்னதையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொண்டவன்.

அவள் கணவருக்கு அங்கே கல்லு என்று பெயர்.

லிஃப்ட் பழுது பார்க்கிற கம்பெனியில் அவருக்கு வேலை. மாடி வந்து நிற்கும்போது உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு சின்ன அசைவுகூடத் தெரியாமல் லிஃப்டைத் திருத்தித் தருவதில் பெயர் எடுத்தவர். "வாரம் பூரா ஜனங்கள குலுங்காம ஏத்தி எறக்குறேன். ஞாயித்துக்கிழமையாவது நான் குலுங்க வேணாமா?" என்று சொல்லித்தான் கடினமான, சிவப்பு நிற ஸ்பிரிங் போட்ட இந்தக் காரை வாங்கினார். சீட் பலகை மாதிரி, ஓட்டம் கல்லு மாதிரி. ரோட்டில் காசு கிடந்து அதன் மேல் ஏறினால் அது தலையா பூவா என்று முதுகு சொல்லிவிடும் என்பார். அந்த வசனத்தை எத்தனை முறை கேட்டாலும் பைலட் புதிதாகக் கேட்பது போலச் சிரிப்பான்.

வாங்கிய மறு வருஷம் அவள் முதுகு போனது. ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்ட்டரில் நாள் முழுக்க நின்ற நிலை, அதற்கு மேல் ஒரு நாள் பெட்டி தூக்கியது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று, ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். அடுத்த வாரமே அவர் காரை எங்கோ ஊர்க்கோடியில், கூட்டத்தில் யாருக்கும் பழக்கமில்லாத ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டு, ஸ்பிரிங் நான்கையும் மிருதுவானதாக மாற்றச் சொன்னார். புது ஸ்பிரிங்குகளை முன்கூட்டியே வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். அவை கறுப்பு.

அவற்றை பால்கனியில் பழைய பேப்பர் விரித்து வைத்து, சிவப்புப் பெயின்ட் வாங்கி வந்து, பிரஷ்ஷால் அவரே அடித்தார். அவள் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, காற்றில் பேப்பர் பறக்காமல் காலால் மிதித்துக்கொண்டிருந்தாள். எதற்கு இந்தக் கூத்து என்று கேட்டதற்கு, "குனிஞ்சு பாப்பானுங்கடி" என்றார் அவர். அவ்வளவுதான். யாரிடமும் சொல்லாதே என்று அவர் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. சொல்ல மாட்டாள் என்று அவருக்குத் தெரியும்.

அதன் பிறகு கார் தொட்டில் மாதிரி ஓடியது. அவர் மட்டும் கல்லு புராணத்தை விடவில்லை. ஞாயிறு கூட்டத்துக்கு அவளும் போகிற நாட்களில், காரிலிருந்து இறங்கும்போது இடுப்பில் கை வைத்து ஒரு முறை முனகுவாள். அது அவள் பங்கு. அவர் முகத்தில் தெரிகிற பெருமைக்காகவே கொஞ்சம் கூடுதலாகவும் முனகுவாள். ஒரு நாள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஒரு சுற்று போய்வந்த சோபா, முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்கி அவளிடமே மாத்திரை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். அன்றைக்கு இரண்டு பேரும் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுச் சிரித்தார்கள்.

ஆனால் மலைப்பாதை வளைவுகளில் அவர் நத்தை மாதிரிதான் போவார். இப்போது இது வளைவில் படகு மாதிரி சாய்கிறது, வேகம் ஆகாது என்று அவளிடம் சொல்லியிருக்கிறார். கூட்டத்தில் வேறு கதை. மலைமேலே இருக்கிற அந்தக் கொண்டை ஊசி வளைவை மூன்றாவது கியரில் எடுத்தேன் என்று சொல்வார். எடுத்தது அவள் அறிந்தவரை முதல் கியரில்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் இதே பேச்சுதான். அவருக்கான மருந்துகளை அவள் தன் கவுன்ட்டரிலிருந்து தானே எடுத்துக்கொண்டு மேலே போனால், கட்டிலைச் சுற்றி மூன்று பேரும் நிற்பார்கள். கட்டிலைத் தூக்கி இறக்குகிற பட்டனை அழுத்திப் பார்த்த சோபா, என் காரில்கூட இத்தனை வசதி இல்லை என்றார். கட்டிலுக்கு மூக்கு சரியில்லை என்றார் பல் டாக்டர். அவள் கணவர் சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்து, நர்ஸ் எல்லோரையும் வெளியே அனுப்பினாள்.

இப்போது அந்தக் காரை பைலட் வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. அவளுக்கு ஓட்டத் தெரியாது. உறை போட்டு மூடிய ஒன்றைத் தினமும் கடந்து வேலைக்குப் போய், தினமும் கடந்து வீட்டுக்கு வருவதற்கு இனி அவளால் ஆகாது. அதனால் சரி என்றிருந்தாள்.

மூவரும் வந்தார்கள். வழக்கம் போல சக்கரத்துக்குள் குனிந்து பார்த்தார்கள். பைலட் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்ததும் கொஞ்ச நேரம் எதையும் தொடவில்லை. பிறகு சீட்டை முன்னால் இழுத்தான். அவள் கணவர் உயரம். அவனுக்குப் பக்கத்தில் பல் டாக்டர், பின்னால் அவளும் சோபாவும். தெருவைத் தாண்டி, பாலத்துக்கு அடியில் உடைந்து கிடந்த சாலையில் கார் ஏறி இறங்கியது. உண்மையில் குலுக்கல் எதுவும் தெரியவில்லை. அவள் மடியிலிருந்த தண்ணீர் பாட்டிலில் தண்ணீர்கூட லேசாகத்தான் ஆடியது.

"தலையா பூவா?" என்றார் பல் டாக்டர்.

"பூ" என்றான் பைலட்.

சோபா இடுப்பைப் பிடித்துக்கொண்டார். கல்லு கல்லுதான், இந்த மாதிரி இறுக்கம் புது வண்டிகளில் வராது, கம்ப்யூட்டரை வைத்து எல்லாவற்றையும் பஞ்சாக்கிவிட்டார்கள் என்று வருத்தப்பட்டார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பு வந்தால் பின்னாலேயே அழுகையும் வரும் என்று அவளுக்கு இப்போதெல்லாம் தெரியும்.

திரும்பி வந்ததும் மற்ற இருவரும் விடைபெற்றுப் போனார்கள். பைலட் மட்டும் நின்றான். சாவியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே, அடுத்த ஞாயிறு விடிந்ததும் முதல் வேலையாக மலைப்பாதைக்குப் போகப்போவதாகச் சொன்னான். "அண்ணன் எடுத்த வளைவ அதே மூணாவது கியர்ல ஒரு தடவ எடுத்துட்டு வந்துடறேன், அண்ணி. அதுதான் நான் அவருக்குச் செய்யற மரியாதை. எங்க பாப்பாவும் வரேன்னு நிக்கிறா. பெரியப்பா போன ரோடாம், பாக்கணுமாம்."

அவள் தூணில் சாய்ந்துகொண்டாள். அந்தச் சின்னப் பெண்ணுக்கு ஜன்னலோரம்தான் உட்கார வேண்டும். கார் வளைவில் படகு மாதிரி சாய்வதும், அந்தப் பக்கம் தடுப்புக்குக் கீழே எதுவுமே இல்லாததும் அவள் கண்ணுக்குள் வந்தன. அவரைப் பற்றி இந்த நான்கு பேர் உலகத்தில் மிஞ்சியிருப்பது ஒரு பெயர்தான். அதையும் எடுத்துக்கொடுத்துவிட வேண்டுமா? இன்னும் கொஞ்ச நாள் கழித்து யாராவது கேட்டிருக்கக் கூடாதா?

"தம்பி, அந்த வளைவ அவர் மூணாவது கியர்ல எடுக்கல."

பைலட் சிரித்தான். அண்ணிக்கு அப்போது பயத்தில் கண் மூடியிருக்கும் என்றான். கண் திறந்துதான் இருந்தது, மொதல் கியர்தான் என்று சொல்லிவிட்டு, ஸ்பிரிங் மாற்றிய கதையையும் சொன்னாள். அவன் நம்பவில்லை. இப்போதுதானே ஓட்டினேன், எலும்பெல்லாம் எண்ணிவிட்டேனே அண்ணி என்றான். சொல்லும்போதே அவன் கை தானாக இடுப்புக்குப் போனது.

"சக்கரத்த ஒடிச்சு வையி. சாவியால ஸ்பிரிங்க லேசா சுரண்டிப் பாரு."

அவன் அப்படியே செய்தான். தரையில் ஒரு முட்டி போட்டு, கையை உள்ளே விட்டுச் சுரண்டினான். பெயின்ட் தூளாக உதிர்ந்தது. செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தான். உள்ளே கறுப்பு. பிரஷ்ஷின் மயிர் ஒன்று சிவப்போடு சேர்ந்து ஒட்டி உலர்ந்திருந்ததையும் அவன் பார்த்திருக்க வேண்டும். விரலால் அதையே நெருடிக்கொண்டிருந்தான்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்" என்றான் கடைசியில். "அவர் பேச்சக் கேட்டுத்தான் என் வண்டிக்குக் கல்லு ஸ்பிரிங் போட்டேன். எங்கம்மா அதுல ஏறறதே இல்ல. கோயிலுக்குக்கூட பஸ்ஸுலதான் போறாங்க. எத்தன தடவ அவர்கிட்ட சொல்லியிருக்கேன் தெரியுமா? பழகிடும்டான்னாரு."

அவளுக்கு இது தெரியாது. கணவர் மேல் கோபம் வந்தது. அவர் போன பிறகு அவர் மேல் வந்த முதல் கோபம். வந்ததும் ஒரு விதத்தில் ஆறுதலாக இருந்தது, எதிரில் உட்கார்ந்திருக்கிற ஆள் மேல்தானே கோபம் வரும். எனக்காகத்தான் செய்தார் என்று அவள் சொல்லவில்லை. அது அவனுக்கே தெரிந்திருக்கும். மன்னிச்சுக்கோப்பா என்று மட்டும் சொன்னாள். வண்டி வேண்டாம் என்றால் விட்டுவிடு, வேண்டுமென்றால் பழைய ஸ்பிரிங் நாலும் பெட்ஷீட்டில் சுற்றி பரண் மேலே இருக்கிறது, எடுத்து மாட்டிக்கொள் என்றாள்.

அவன் முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தான். காரைச் சுற்றி ஒரு முறை நடந்தான். முன்பக்கம் நின்று மூக்கைப் பார்த்தான். பின் கதவைத் திறந்து, அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்து, உடம்பை மேலும் கீழும் அமுக்கிப் பார்த்தான். கார் அவனை மெத்தென்று தூக்கி இறக்கியது.

"பரண்லயே இருக்கட்டும், அண்ணி" என்றான் உள்ளேயிருந்து. "எங்கம்மா ஏறுவாங்க." கொஞ்ச நேரம் கழித்துத் தலையை மட்டும் வெளியே நீட்டினான். "டாக்டருக்கும் சோபாவுக்கும் தெரிய வேணாம்."

அவள் சரி என்றாள். ஒருவருக்காகக் காத்த ரகசியத்தை இனி இரண்டு பேருக்காகக் காக்க வேண்டும். வேறு வேலை என்ன இருக்கிறது?

அடுத்த ஞாயிறு அவன் காரோடு வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனான். முன் சீட்டில் அவன் அம்மா, கையில் பூக்கூடையோடு நன்றாகத் தூங்கிக்கொண்டு வந்தாள். கோயில் வாசலில் எழுப்பி இறக்கிவிட்டு, அவர்கள் இருவரும் வணிக வளாகத்துக்கு வந்தார்கள். பைலட் பழைய இடத்தில், அவள் கணவர் எப்போதும் நிறுத்திய இடத்தில், காரை நிறுத்தி சக்கரத்தை ஒடித்து வைத்தான். சுரண்டிய இடத்தில் சிவப்பு பூசியிருந்தான். பழைய சிவப்புக்கும் புதுச் சிவப்புக்கும் வித்தியாசம் தெரிந்தது, தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

பல் டாக்டரும் சோபாவும் குனிந்து பார்த்தார்கள். மலைக்குப் போகிறேன் என்றாயே, வளைவு எப்படி என்று டாக்டர் கேட்டார்.

"மூணாவது கியர்" என்றான் பைலட். அவளைப் பார்க்கவில்லை. "நடுவுல ரோட்டுல ஒரு காசு கிடந்தது, டாக்டர்."

"தலையா, பூவா?"

"தலை."

அவள் கதவைத் திறந்து இறங்கினாள். முதுகு சுகமாகத்தான் இருந்தது. அலுப்பு மட்டும் உடம்பு முழுக்க இருந்தது, அது எந்த ஸ்பிரிங்குக்கும் கட்டுப்படாது. இருந்தாலும் இடுப்பில் கையை வைத்து, கண்ணை மூடி, பழையபடி ஒரு முறை முனகினாள். கூடுதலாகவே.

"பாவம் தங்கச்சி, போன வாரம் ஏறினது நமக்கே இன்னும் தாங்கல" என்ற சோபா, முன்பு போலவே மாத்திரைக்குக் கையை நீட்டினார். அவள் கைப்பையைத் திறந்து அவருக்கு ஒரு மாத்திரை கொடுத்தாள். பக்கத்தில் இன்னொரு கை நீண்டது. பைலட்டின் கை. அவனுக்கும் ஒன்று கொடுத்தாள்.