எண்ணிக்கை சரியாக இருந்த இரண்டு பஸ்கள்

ஜப்பானின் குன்மா மலைப்பக்கம் போய், இலையுதிர்காலத்தில் சிவக்கும் இலைகளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளப்பிவிட்டது மனைவி மியோகோதான். செரிசாவா தோகுஜி வர மாட்டேன் என்று சொல்லவில்லை. மழை வரும் என்று மட்டும் சொன்னார். நகரக் குடிநீர் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தண்ணீர் விஷயத்தில் அவர் வாக்கு தப்பாது. பஸ் மலையேறத் தொடங்கும்போதே மழை பிடித்துக்கொண்டது.

முதல் இடம் ஓதகி அருவி. அருவியைச் சுற்றிச் செக்கச்செவேலென்று மேப்பிள் மரங்கள் இருப்பதாக விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் மேகம் தரைவரை இறங்கி உட்கார்ந்திருந்தது. அருவியின் சத்தம் கேட்டது, அருவியைக் காணோம். வாசலில் எல்லாருக்கும் மஞ்சள் பிளாஸ்டிக் மழைக்கோட்டு கொடுத்தார்கள். மற்ற பஸ்களில் வந்தவர்களுக்கும் அதே கோட்டுதான். மஞ்சள் மஞ்சளாக வரிசையில் நின்று, வெள்ளை மேகத்தைப் படம் பிடித்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

செரிசாவா கழிவறைக்குப் போய்விட்டு, மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்திருக்க, தட்டுத்தடுமாறி பஸ்ஸில் ஏறினார். முன்னாலிருந்து மூன்றாவது வரிசையில், கோட்டின் தொப்பியை முகம்வரை இழுத்துவிட்டு மனைவி ஜன்னலோரம் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தார். பஸ் கிளம்பியது.

"சாக்ஸ் வரைக்கும் நனஞ்சு போச்சு."

"ம்."

"நான் அப்பவே சொன்னேன்ல, மழை வரும்னு."

"ம்."

"பேசாம வீட்ல உக்காந்து டிவியில பாத்திருக்கலாம். அதுல இலையாவது தெரியும்."

"எப்பப் பாத்தாலும் இதே புலம்பல்தான்," என்றது தொப்பி. "போன வருஷமும் இதேதான் சொன்னீங்க. உங்களக் கூட்டிட்டு வந்த என்னைச் சொல்லணும்."

"போன வருஷம் நாம எங்கயும் போகலையே."

தொப்பி மெல்ல விலகியது. உள்ளே இருந்தது வட்ட முகமும் சின்ன மூக்குமாக முன்பின் தெரியாத ஒரு பெண்மணி. இருவரும் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு உட்கார்ந்தபடியே, முன் சீட்டில் நெற்றி இடிக்க இடிக்கத் தலை வணங்கி மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். அவள் பெயர் குரிஹாரா ஃபுமி. சலவைக் கடைக்காரர்கள் சங்கத்தோடு வந்தவள். அவள் புருஷனும் கழிவறைக்குத்தான் போயிருந்தாராம்.

பஸ்ஸின் வழிகாட்டி நகுமோ, கையில் சின்னக் கொடி வைத்திருந்த இளம்பெண், விஷயத்தைப் பொறுமையாகக் கேட்டாள்.

"நான் எண்ணிட்டேனே. எண்ணிக்கை சரியா இருக்கே."

"எண்ணிக்கை சரிங்க. ஆளுதான் தப்பு," என்றார் செரிசாவா.

நகுமோ செரிசாவா வந்த பஸ்ஸின் வழிகாட்டியைத் தேடிப் பிடித்துப் போனில் பேசினாள். முகம் தெளிந்து திரும்பி வந்தாள்.

"அங்கயும் எண்ணிக்கை சரியா இருக்காம். யாரும் தொலைஞ்சு போகலை."

"என் சம்சாரம் அங்க இருக்காளே."

"இருக்காங்க. பக்கத்துல ஒரு ஆம்பளையும் இருக்காராம். ரெண்டு பேரும் நல்லாத் தூங்கறாங்களாம். எழுப்பட்டுமான்னு அந்த வழிகாட்டி கேக்கறாரு."

செரிசாவா யோசித்தார். தூங்குகிற மியோகோவை அவர் இதுவரை எழுப்பியதில்லை. மற்றவர்கள் அவர் சார்பில் எழுப்புவதும் நல்லதாகப் படவில்லை. "வேண்டாம்," என்றார்.

"என் வீட்டுக்காரரையும் எழுப்பாதீங்க," என்றாள் ஃபுமி. "எழுந்தா பேச ஆரம்பிச்சிருவாரு."

இரண்டு பஸ்களும் வெவ்வேறு மலைப்பாதையில் போய்க்கொண்டிருந்தன. சாயங்காலம் அடிவாரத்து ஓய்விடத்தில் இரண்டும் நிற்கும். நகுமோ செரிசாவாவின் முன்னால் குனிந்து நின்றாள். "அது வரைக்கும் தயவுசெஞ்சு குரிஹாரா சானா இருந்துருங்க. உங்களுக்குச் சாப்பாடும் அந்தப் பேர்லதான் இருக்கு."

சலவைக் கடைக்காரர்கள் அத்தனை பேருக்கும் நிஜக் குரிஹாராவைப் பல வருஷமாகத் தெரியும். ஆனாலும் விருந்தாளியைச் சங்கடப்படுத்தக் கூடாதென்று எல்லாரும் அவரை மரியாதையாகக் குரிஹாரா சான் என்றே கூப்பிட்டார்கள். சோற்றுருண்டை வந்தது. மிசோ விழுது தடவிய கொன்யாக்குக் கிழங்குக் கட்டி குச்சியில் குத்தி வந்தது. ஒரு பெரியவர் அவர் முதுகில் தட்டி, "போன மாசத்துக்கு இப்ப கொஞ்சம் எளச்சிட்டீங்க," என்றார்.

அடுத்துப் போக வேண்டிய பள்ளத்தாக்குப் பாதையில் மண் சரிந்துவிட்டது என்று தகவல் வந்தது. நகுமோ சளைக்கவில்லை. பஸ்ஸை ஒரு சிற்றூரின் கடைத்தெருவுக்குத் திருப்பச் சொன்னாள். அங்கே விளக்குக் கம்பத்துக்குக் கம்பம் பிளாஸ்டிக் மேப்பிள் கிளைகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

"வலது பக்கம் பாருங்க, சிவப்பு," என்றாள் மைக்கில். "இடது பக்கம், அதைவிடக் கொஞ்சம் நல்ல சிவப்பு."

எல்லாரும் வலது பக்கம் பார்த்தார்கள். பிறகு இடது பக்கம்.

"மழையில தூசியெல்லாம் போய்ப் பளபளன்னு இருக்கு," என்றார் முதுகில் தட்டிய பெரியவர். "ரெண்டு வாரம் கழிச்சு வந்தாலும் இப்படியே இருக்கும்."

செரிசாவாவும் எட்டிப் பார்த்தார். குறை சொல்ல வாய் திறந்தார். குறை சொல்வது செரிசாவாவின் வழக்கம்; குரிஹாராவாக இருக்கும்போது அதைச் செய்யலாமா என்று தெரியவில்லை. "நல்லா இருக்கு," என்று சொல்லிவைத்தார். ஃபுமி அவரை வியப்போடு பார்த்தாள்.

திரும்பும் வழியில் பாட்டு தொடங்கியது. ஒவ்வொரு தம்பதியும் பாட வேண்டும் என்பது சங்கத்தின் வழக்கம். குரிஹாரா தம்பதி மட்டும் ஒரு தடவைகூடப் பாடியதில்லை. அவர் மைக்கைத் தொடவே மாட்டாராம். மைக் மூன்றாவது வரிசைக்கு வந்ததும் யாரோ வழக்கம்போல அடுத்த வரிசைக்கு நீட்டப் போனார்கள். ஃபுமி அதை நடுவில் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்கு இவர் பாடுவாரு," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "பாடுவீங்கல்ல?"

செரிசாவாவுக்கு முழுசாகத் தெரிந்த பாட்டு ஒன்றே ஒன்றுதான். வருஷத் தொடக்கத்தில் குடிநீர் அலுவலகத்தில் எல்லாரும் நின்றுகொண்டு பாடுவது. எங்கள் குழாய் கசியாது, எங்கள் கடமை காயாது என்று போகும். அதைப் பாடினார். முதல் அடியில் குரல் நடுங்கியது. இரண்டாவது அடியில் ஃபுமி சேர்ந்துகொண்டாள், வார்த்தை தெரியாமலே. கசியாது என்ற இடம் வரும்போதெல்லாம் பஸ் முழுக்கச் சேர்ந்து பாடியது. டிரைவர்கூடத் தலையாட்டினார். பாடி முடித்ததும் ஃபுமி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து இதற்காகக் காத்திருந்தேன் என்றாள்.

அடிவாரத்து ஓய்விடத்தில் இரண்டு பஸ்களும் எதிரெதிரே நின்றன. மழை விடவில்லை. அங்கே புதிதாக ஒரு சிக்கல் முளைத்தது.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல இறங்கணும்," என்றாள் நகுமோ. "ஒருத்தர் முன்னாடி ஏறிட்டா ஒரு பஸ்ல ஆள் கூடிரும், இன்னொண்ணுல குறைஞ்சிரும். நான் என்னன்னு சொல்றது?"

இரண்டு வழிகாட்டிகளும் ஒரே சமயத்தில் விசில் ஊதினார்கள். செரிசாவா இறங்கினார். எதிரே இன்னொரு மஞ்சள் கோட்டு இறங்கியது. நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர், நிஜக் குரிஹாரா. நடு மைதானத்தில் இருவரும் நின்று குனிந்து வணங்கினார்கள்.

"இன்னைக்கு உங்க இடத்துல உக்காந்துட்டேன். மன்னிக்கணும்."

"ஐயோ, நான்ல உங்க இடத்துல தூங்கிட்டேன்."

"நீங்க போங்க."

"இல்லல்ல, நீங்க முதல்ல."

யாரும் நகரவில்லை. மறுபடி குனிந்தார்கள். ஒரு பஸ் ஹாரன் அடித்தது. நிமிரும்போதுதான் குரிஹாரா அதைப் பார்த்தார். கழிவறைச் சுவருக்குப் பக்கத்தில், விளக்கின் கீழே, ஒரு மேப்பிள் மரம் முழுக்கச் சிவந்து நின்றது.

"அது நிஜ மரமா?" என்று கேட்டார்.

"இருங்க, பாத்துட்டு வரேன்." செரிசாவா நடந்துபோய் ஓர் இலையைத் தொட்டார். "நிஜந்தான். ஈரமா இருக்கு."

குரிஹாராவும் வந்து தொட்டுப் பார்த்தார். இருவரும் அண்ணாந்து நின்றார்கள். மழைத்துளி இலைவழியே வழுக்கி அவர்கள் கண்ணாடியில் விழுந்தது. இரண்டு விசில்களும் மாறி மாறிக் கத்தின.

"என் வீட்டுக்காரி ஏதாவது சொன்னாளா?" என்றார் குரிஹாரா.

"நீங்க பாடினா நல்லா இருக்கும்னு சொன்னாங்க."

குரிஹாராவின் முகம் வெளுத்தது. தூக்குமேடைக்குப் போகிறவர்போல ஃபுமி இருந்த பஸ்ஸை நோக்கி நடந்தார்.

செரிசாவா தன் பஸ்ஸில் ஏறினார். வழிகாட்டி எண்ணிப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். மியோகோ அப்போதுதான் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தாள்.

"எங்க போனீங்க?"

"வேற பஸ்ஸுக்கு."

"ஓ." கொட்டாவி விட்டாள். "இலை ஏதாவது தெரிஞ்சுதா?"

"ஒரே ஒரு மரம். கக்கூஸ் பக்கத்துல."

அவள் அவசரமாக ஜன்னலைத் துடைத்துப் பார்ப்பதற்குள் பஸ் திரும்பிவிட்டது. வெளியே இருட்டும் தண்ணீரும்தான் இருந்தன.

"எப்படி இருந்துச்சு, சொல்லுங்க."

"சிவப்பா இருந்துச்சு."

"சிவப்புன்னா எப்படி? ஒழுங்காச் சொல்லுங்களேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். கிளையின் நுனியில் கொஞ்சம் ஆரஞ்சு, உள்ளே போகப் போக இருட்டு, விளக்கு பட்ட பக்கம் மட்டும் வேறு மாதிரி என்று ஆரம்பித்தார். மியோகோ கண்ணை மூடிக்கொண்டாள். அவள் தூங்குகிறாளா கேட்கிறாளா என்று தெரியவில்லை. நடுவில் அவர் நிறுத்தியபோது, "அப்புறம்?" என்றாள்.