கரண்ட் போன மத்தியானம்

ஏரிக்கரை ஓட்டலில், மேஜைபோல் கால்வைத்த பெடல் ஸ்டீல் கிட்டார் வாசித்தவர் இருதயசாமி. சொந்த நாட்டுக்குத் திரும்பிய அமெரிக்க வாத்தியார் ஒருவர் அதையும், பீரோ கனத்தில் ஒரு பழைய வால்வு ஆம்ப்ளிபையரையும் விட்டுப்போயிருந்தார். பன்னிரண்டு வருஷம் அது போட்ட கூச்சலில் இருதயசாமிக்குக் காது அறவே போய்விட்டது. அங்கேயே பரிமாறுகிற மனைவி உபகாரம் ஒருத்திக்கு மட்டும்தான் அது தெரியும். வெளியே தெரிந்தால் வேலையோடு ஓட்டல் கொடுத்த அறையும் போகும். ஆகவே ஆம்ப்ளிபையரில் முதுகைச் சாய்த்து, அதிர்வை வைத்தே மனிதர் காலத்தை ஓட்டினார்.

சூப்பில் அலையடிக்கிறது என்று விருந்தாளிகள் முனகவே, மேனேஜர் காசிநாதன் அன்று ஆம்ப்ளிபையரை ஹாலின் மறுகோடிக்குத் தள்ளிவிட்டார்.

பட்டப்பகல். பாதிப் பாட்டில் கரண்ட் போயிற்று. ஆம்ப்ளிபையர் ஊமையானது. இருதயசாமியோ குனிந்த தலை நிமிராமல், கம்பிகளின் மேல் இரும்புக் கட்டையை இழுத்து, பெடலை மிதித்து உருகிக்கொண்டிருந்தார். சாப்பிட்டவர்கள் ஸ்பூனைக் கீழே வைத்தார்கள்.

ஓடிவந்த உபகாரத்தைக் காசிநாதன் மறித்தார்.

"எங்கம்மா இம்புட்டு வெரசா? மனுசன் வாசிக்கட்டும்."

"பாட்டுல ஊறிட்டாருங்க. அதான் கவனிக்கல."

"எத்தன வருசமா ஊறுறாரு?"

இருதயசாமி நிமிர்ந்தார். எல்லாரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு, மேனேஜரைப் பார்த்துப் பணிவாகச் சிரித்தார்.

"சத்தம் ஜாஸ்திங்களா? இந்தா கொறச்சிர்றேன்."

எழுந்துபோய் ஆம்ப்ளிபையரின் குமிழைத் திருகினார். குமிழுக்குப் பக்கத்தில், கரண்ட் இருந்தால் எரிகிற சிவப்பு விளக்கு எரியவில்லை. அவர் கை அங்கேயே நின்றுவிட்டதை உபகாரம் பார்த்தாள்.