கழுகு கொண்டுவந்த மீன்கொத்தி

எக்ஸ்ரே அக்கா என்றால் அந்த மருத்துவமனையில் தெரியாதவர்கள் இல்லை. அவளுக்கு நகை ஆசை கிடையாது. வெள்ளி புரூஃப் நாணயங்கள் என்றால் உயிர். நாணயச்சாலை நினைவு வெளியீடாக அடிக்கும் அந்தக் காசுகள் செலவழிக்க அல்ல. பின்புலம் கண்ணாடிபோல மின்ன, உருவம் மட்டும் பனி படர்ந்ததுபோல நிற்கும். விரல் பட்டால் கறை விழும் என்பதால் பிளாஸ்டிக் கூட்டுக்குள்தான் வைத்திருப்பார்கள்.

பறவை வரிசையில் அவளுக்கு மீன்கொத்திக் காசு மட்டும்தான் பாக்கி. நாணயச்சாலையில் ஒரே நாள்தான் விற்பனை; ஆளுக்கு ஒன்று, நேரில் போய் வரிசையில் நின்று வாங்க வேண்டும். அந்த நாள் காலை பார்த்து, அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்தாள்.

அவளுடைய அறையிலேயே, அவளுடைய மெஷினிலேயே படம் எடுத்தார்கள். "அக்கா, ஆடாம இருங்க," என்றாள் உடன் வேலை பார்ப்பவள்.

"எனக்கேவா சொல்றே?" என்று அழுகையும் சிரிப்புமாகக் கேட்டாள் அக்கா. கணுக்கால் முறிந்திருந்தது. அவளுக்கு வலியைவிட மீன்கொத்தி போய்விட்டதே என்பதுதான் பெரிதாக இருந்தது.

சாயங்காலம் வீட்டில் அக்காவின் கணவர் கதவைத் திறந்தால், வாசலில் கழுகு! ஓய்வுபெற்ற சர்வேயர். நாணய ஏலத்தில் அக்கா கண் வைத்ததையெல்லாம் கொத்திக்கொண்டு போவதால் அவள் வைத்த பெயர் அது. கூடவே அவர் மனைவி.

"வரிசையில உங்களைக் காணோம். நம்ம நாணயச் சங்கத்துச் செயலாளர்கிட்ட கேட்டேன், கால் உடைஞ்சிருச்சுன்னார். எனக்கு ஒண்ணுதானே தருவாங்க? அதான் இவளைக் கூப்பிட்டேன்," என்று பெட்டியை நீட்டினார்.

"இந்தக் காசுங்களைத் தினம் திட்டுறவ நான். என்னையே வெயில்ல நிக்க வெச்சுட்டாரும்மா," என்றார் மனைவி.

பெட்டியை வாங்கிக்கொண்ட அக்கா அந்த அம்மாவிடம் திரும்பினாள். "நீங்க பாத்தீங்களாம்மா?"

"எங்க? கிட்டப் போனாலே கத்துறாரே!"

அக்கா கூட்டைத் திறந்து காசை அந்த அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஐயையோ, விரல் படுது!" என்று பதறினார் கழுகு.

"படட்டும் சார். எனக்காக வெயில்ல நின்னவங்க தொடாம வேற யார் தொடுறது?"

அந்த அம்மா காசை விளக்குப் பக்கம் திருப்பினார். "அட, வாயில மீன் துடிக்கிற மாதிரியே இருக்கே!" என்றவர் வெகுநேரம் திருப்பித் தரவில்லை.

கால் சரியானபின் அக்கா மறுபடி ஏலத்துக்குப் போகிறாள். கழுகு இன்னும் விட்டுக்கொடுப்பதில்லை. அவர் மனைவிதான் கட்சி மாறிவிட்டார். அக்காவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, கணவர் கை தூக்கும்போதெல்லாம் முறைக்கிறார்.