ஒரு திராட்சைக்கு இருபது நிமிஷம்

அந்தச் சலவை ஆலையில் அவளுக்குப் புயல் என்று பெயர். சாப்பிடும் வேகத்துக்காக வைத்த பெயர். டப்பா மூடி திறக்கிற சத்தமும் மூடுகிற சத்தமும் ஒரே சத்தமாகத்தான் கேட்கும். இடையில் சோறும் முட்டையும் எந்த வழியாகப் போயின என்று பக்கத்தில் உட்கார்ந்தவர்களாலும் சாட்சி சொல்ல முடியாது.

பேராசைக்காரி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சாப்பாட்டு நேரம் மொத்தமே இருபது நிமிஷம். துணிகளைத் தேய்க்கும் நீராவிக் கூடத்திலிருந்து சாப்பாட்டு அறைக்கு வர மூன்று நடைகூடங்கள். ஈரக் காலணியைக் கழற்ற வேண்டும், கை கழுவ வேண்டும், நாற்பது பேருக்கு ஒரே ஒரு மைக்ரோவேவ் என்பதால் வரிசையில் நிற்க வேண்டும். கடைசியில் கையில் மிஞ்சுவது ஆறு நிமிஷம். சிறுநீர் கழிக்கப் போவதும் அந்த ஆறுக்குள்தான் அடக்கம்.

போன மாதம் மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இரைப்பையில புண்ணும்மா. இப்படியே அள்ளி அள்ளி முழுங்கினா அடுத்த தடவை ரத்தமாத்தான் வரும்."

அன்றைக்கே புயல் மேனேஜரிடம் போய், சாப்பாட்டு நேரத்தைக் கூட்டித் தரச் சொல்லிக் கேட்டாள். "பார்க்கலாம்மா" என்றார். பார்த்தார். நாலு வாரம் மண்டையைக் குடைந்து பார்த்ததன் பலன்தான் செவ்வாய்க்கிழமை வகுப்பெடுக்க வந்திறங்கிய ஒரு பயிற்சி மேடம்.

'நிதானமாக உண்போம், நலமாக வாழ்வோம்' என்று சுவரில் ஒரு பதாகை. மணி அடித்ததும் நாற்பது பேரையும் சாப்பாட்டு அறையில் உட்கார வைத்தார்கள். கவனம் கலையும் என்று மைக்ரோவேவைக்கூட அணைத்துவிட்டார்கள். மேடம் வெள்ளை உடையில் வந்தார். தூங்கும் குழந்தையை எழுப்பிவிடக் கூடாதே என்பது போல ஒரு குரல். ஆளுக்கு ஒன்றாக உள்ளங்கையில் உலர்ந்த திராட்சை வைத்தார்.

"முதல்ல அதைப் பாருங்க. அவசரமே வேண்டாம். இப்ப மோந்து பாருங்க. காதுகிட்ட வச்சு லேசா உருட்டிக் கேளுங்க."

புயலுக்குப் பக்கத்தில் அவள் நாத்தனார். இரண்டு பேருக்கும் ஒரே இஸ்திரி உருளைதான். ஈர விரிப்பின் இரண்டு முனைகளையும் ஆளுக்கொன்றாகப் பிடித்து, சூடான உருளைக்குள் நேராக விட வேண்டும். பதினொரு வருஷமாக அப்படி நிற்கிறார்கள். அந்தப் பதினொரு வருஷத்தில் வேறெந்த விஷயத்திலும் ஒத்துப்போனதில்லை.

நாத்தனார் திராட்சையைக் காதில் வைத்துக்கொண்டு குனிந்தாள். "அண்ணி, உங்களோடது என்ன சொல்லுது?"

"பசிக்குதாம்."

"என்னோடது மணி என்னன்னு கேக்குது."

மேடம் புன்னகைத்தார். "இப்ப வாயில வைங்க. முப்பது தடவை மெல்லுங்க. அவசரமா சாப்பிடறதுங்கறது வெறும் பழக்கம்தாங்க. மனசு வச்சா மாத்திக்கலாம்."

பழக்கமாம்! புயலுக்கு உச்சந்தலையில் சுர்ரென்றது. ஆனாலும் மென்றாள். பத்து தடவை வரை ஒன்றும் தெரியவில்லை. இருபதைத் தாண்டியதும் ஒரு இனிப்பு மெல்ல அவிழ்ந்து, நாக்கின் ஓரம் வரைக்கும் பரவியது. பின்னாலேயே ஒரு சின்னப் புளிப்பு. அடடா, சாப்பாட்டுக்கு ருசி என்று ஒன்று உண்டல்லவா! இந்த அறையில் உட்கார்ந்து அவள் ருசித்துச் சாப்பிட்ட முதல் பண்டம் இதுதான். மேடம் சொன்னது சத்தியமான உண்மை. அதுதான் அவளை இன்னும் எரிய வைத்தது. இத்தனை நாளும் இதை யார் பிடுங்கி வைத்திருந்தார்கள்?

வாசலில் மேனேஜர் கை தட்டினார். "அருமை! மணி ஆச்சு. எல்லாரும் உருளைக்குப் போங்க. மூணு மணிக்கு ஹோட்டல் வண்டி வந்துடும்."

"சார், சாப்பாடு?" என்றாள் புயல்.

"சாப்பாட்டு நேரம்தானேம்மா இப்ப முடிஞ்சது?"

நாற்பது வாய்களும் திறந்தபடி நின்றன. எழுநூறு விரிப்பு தேய்த்த உடம்புக்கு ஒரு திராட்சை! எறும்புக்குப் போட்டிருந்தால்கூட இன்னொன்று கேட்டிருக்கும்.

புயல் எழுந்திருக்கவில்லை. டப்பாவைத் திறந்தாள். ஆறிப்போன சோற்றில் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்து, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மெல்லத் தொடங்கினாள்.

"என்னம்மா இது? எந்திரி."

விழுங்கிவிட்டுத்தான் பதில் சொன்னாள். "என் வயித்துக்காகத்தானே சார் இவங்களைக் கூட்டிட்டு வந்தீங்க? வயித்தைக் கேட்டுட்டுத்தான் எந்திரிப்பேன்."

"வேலை வேணுமா, வேண்டாமா?"

வீட்டுக் கடனும் மகளின் படிப்பும் கண் முன்னால் வந்து நின்றன. மருத்துவர் காட்டிய படத்தில் சிவந்து கிடந்த புண்ணும் வந்தது. "வேலையும் வேணும், வயிறும் வேணும். ஒண்ணைக் குடுத்து இன்னொண்ணை வாங்க முடியாது சார்." அடுத்த கரண்டியை எடுத்தாள்.

மேனேஜர் நாத்தனாரிடம் திரும்பினார். "நீ வா. அந்த முனையை சூப்பர்வைசர் பிடிப்பார்."

நாத்தனார் பாதி எழுந்தவள், மறுபடி உட்கார்ந்தாள். "எங்க அண்ணிகிட்ட ஆயிரம் குறை இருக்கு சார், பட்டியல் போட்டா உங்க சுவர் பத்தாது. ஆனா அவங்க அந்தப் பக்கம் நிக்கலைன்னா எனக்கு ஒரு விரிப்பும் நேரா வராது." அவளும் டப்பாவைத் திறந்தாள். உருளைக்கு இரண்டு பேர் என்பதால் மற்றவர்களும் ஜோடி ஜோடியாக உட்கார்ந்தார்கள்.

"மேடம், நீங்க கொஞ்சம் சொல்லுங்க" என்றார் மேனேஜர்.

மேடத்தின் தூக்கக் குரல் காணாமல் போயிருந்தது. "நான் சொன்னதைத்தானே சார் செய்யறாங்க? சாப்பாட்டு நேரம் தனியா உண்டுன்னு என்கிட்ட சொன்னீங்களே!" பிறகு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "காலையில இருந்து இது மூணாவது கம்பெனி. நானும் மூணு திராட்சைதான் சாப்பிட்டிருக்கேன்."

புயல் தன் டப்பா மூடியில் பாதி முட்டையை வைத்து அவர் பக்கம் தள்ளினாள். "பார்த்து, மெதுவா மெல்லுங்க மேடம்."

மேனேஜர் சூப்பர்வைசரை இழுத்துக்கொண்டு தானே உருளைக்குப் போனார். முதல் விரிப்பு கோணலாக உள்ளே போய், கசக்கி எறிந்த கடிதம் போல வெளியே வந்தது. இரண்டாவது வெளியே வரவேயில்லை. கருகல் வாடை மூன்று நடைகூடங்களையும் தாண்டி வந்தது. கூடவே, விரிப்பு எங்கே என்று ஹோட்டல்காரர்கள் கூப்பிட, தொலைபேசி அலறுகிற சத்தமும்.

திரும்பி வந்தபோது அவர் சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி நிறையும். "சரி, பத்து நிமிஷம் கூட்டித் தரேன்."

"போன மாசம் 'பார்க்கலாம்'னீங்க. வாய்ச் சொல்லு வேண்டாம் சார். நாப்பது நிமிஷம்னு எழுதி ஒட்டுங்க."

மேனேஜர் கருகிய வாடையை ஒரு முறை முகர்ந்தார். பதாகையின் ஒரு மூலையைக் கிழித்து, பின்பக்கம் எழுதினார்: சாப்பாட்டு நேரம் நாற்பது நிமிஷம். கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டு, அறிவிப்புப் பலகையில் குத்தினார்.

"நாளையில இருந்து இதுதான் நேரம். இப்பவாவது எந்திரிம்மா."

புயலின் வாயில் சோறு இருந்தது. ஒரு விரலை உயர்த்தி அவரை நிற்கச் சொன்னாள். மென்றாள். இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. மேனேஜர் நின்றார். விழுங்கினாள்; தண்ணீர் ஒரு வாய் குடித்தாள்.

"இன்னிக்குச் சாப்பாடு இன்னும் பாதி இருக்கு சார்" என்றாள். "உக்காருங்க."