மேசைக்கடியில் விழுந்த ‘இல்லை’

இளையவள் கம்ப்யூட்டரில் வெட்டிய புள்ளிகளும் ஆச்சரியக்குறிகளும் அவள் மேசைக்கடியில் விழுந்தன. மிளகு மாதிரி கறுப்பாக, தொட்டால் கொஞ்சம் சூடாக இருக்கும். கூட்டுகிற அம்மாள் சாயங்காலம் முறத்தில் அள்ளிப் பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோனாள். எடைக்கு ஆகாத சரக்கு என்று கடைக்காரன் திருப்பி அனுப்பிவிட்டான்.

அது தண்ணீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவு. ஜனங்கள் போனில் தட்டிவிடுகிற புகார்கள் அங்கே வந்து குவியும். கோபத்தில் தட்டுகிறவன் ஒழுங்காகவா தட்டுவான்? முன்னால் நாலு வெற்றிடம், பின்னால் வரிசையாகப் புள்ளி, ஒரே தெருவின் பெயர் மூன்று விதமாக. அப்படியே கொடுத்தால் எண்ணுகிற எந்திரம் ஒரு தெருவை மூன்று தெருவாக்கிவிடும்; அதன் மூளை அவ்வளவுதான். அதனால் வரியின் இரண்டு முனையையும் நறுக்கி, குறிகளைக் களைந்து, பெயர்களை ஒரே விதமாக மாற்றி, சொல் சொல்லாகப் பிரித்துக் கொடுக்க இரண்டு பெண்களை வைத்திருந்தார்கள். இருவரும் ஓரகத்திகள், அண்ணனைக் கட்டியவள் மூத்தவள், தம்பியைக் கட்டியவள் இளையவள். மூத்தவள்தான் அதிகாரியிடம் சொல்லி இளையவளை உள்ளே நுழைத்தாள், பக்கத்தில் உட்காரவைத்து வேலையும் சொல்லிக்கொடுத்தாள். சொல்லிக்கொடுத்தவளின் மேசைக்கடியில் ஒரு புள்ளிகூட விழவில்லை.

வீட்டுக்கு வந்தால் மாமியார், இன்றைக்கு என்னம்மா விழுந்தது என்று இளையவளைத்தான் கேட்பாள். மூத்தவளின் புருஷனே சோற்றில் கையை வைத்தபடி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். மூத்தவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவள் சம்பள உயர்வு கேட்கவில்லை, பதவி கேட்கவில்லை. தன்னை இளையவள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஏக்கமாகப் பார்க்க வேண்டும். கேட்டது அவ்வளவுதான்.

மேசைக்கடியில் வெள்ளைத் துணியை விரித்துவைத்துக்கொண்டு, அளவுக்கு மேலேயே வெட்டத் தொடங்கினாள். எல்லா வரியிலும் வந்து இடத்தை அடைக்கிற ‘ஒரு’, ‘அந்த’, ‘இந்த’ எல்லாம் போயின. துணி வெள்ளையாகவே கிடந்தது. எல்லாவற்றையும்விட அதிகமாக வருகிற சொல் எது என்று பார்த்தாள். ‘இல்லை’. எல்லாப் புகாரிலும் இருக்கிற சொல்லால் எந்திரத்துக்கு என்ன பிரயோசனம் என்று அதையும் நீக்கச் சொல்லிப் பொத்தானை அமுக்கினாள். செங்கல் விழுந்த மாதிரி சத்தம் கேட்டது. துணி கிழிந்தது. கீழ்த்தளத்தில் இருந்தவர்கள் வெளியே ஓடினார்கள்.

‘மேட்டுத் தெருவில் தண்ணீர் இல்லை’ என்று வந்ததெல்லாம் ‘மேட்டுத் தெருவில் தண்ணீர்’ என்று அதிகாரிகளுக்குப் போயிற்று. மேட்டுத் தெருவில் தண்ணீர் வந்தது. ஒருவரும் குழாயைத் தொடவில்லை. அதிகாரிகள் தங்கள் நிர்வாகத் திறமை என்று சொல்லிக்கொண்டார்கள். அவர்கள் வேறு எதைச் சொல்வார்கள்? மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த நாற்காலியை மூத்தவளுக்குக் கொடுத்தார்கள். பிறகு வந்த வருஷங்களில் ‘கசிவு இல்லை’ என்று எழுதியவன் வீட்டில் கசிந்தது. புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி ‘புருஷன் இல்லை’ என்று எழுதிவிட்டு, மறுநாளே அலுவலகத்துக்கு ஓடிவந்து, விலாசத்தில் பேர் மாற்றத்தான் எழுதினேன், வந்து நிற்கிற ஆளைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினாள். அலுவலகத்தில் அதற்கு வழியில்லை. ஜனங்கள் பார்த்து எழுதப் பழகிக்கொண்டார்கள்.

இவ்வளவும் ஆகி, இளையவள் மட்டும் அசையவில்லை. தன் புள்ளிகளைக் காலால் ஒதுக்கிவிட்டுச் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தாள். மூத்தவளால் அதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டேவிட்டாள்.

“ஏண்டி, என்னைப் பாத்தா உனக்கு வயிறு எரியலையா?”

“எதுக்குக்கா எரியணும்? பேரு நம்ம வீட்டுக்குத்தானே.”

“நிஜமாத்தான் சொல்றியா?”

“ஐயோ அக்கா, எழுதியே தரவா?”

“எழுது. புகார் வர்ற இடத்துலயே எழுது.”

இளையவள் வாயில் சோற்றை வைத்துக்கொண்டே, ‘எனக்கு அக்கா மேல் பொறாமை இல்லை’ என்று தட்டி அனுப்பினாள். மூத்தவள் கையைக் கழுவிவிட்டு வந்து, வரியின் இரண்டு முனையையும் நறுக்கி, கடைசிப் புள்ளியைக் களைந்து, முறைப்படி பொத்தானை அமுக்கினாள். ‘இல்லை’ கால் விரலுக்குப் பக்கத்தில் விழுந்தது.

இளையவள் மெல்லுவதை நிறுத்தினாள். மின்விசிறியைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள், அதில் உட்கார்ந்திருந்தவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

“அந்த நாற்காலியில ஆயுசு முழுக்க நீங்களேதான் உக்காரப் போறீங்களா?” என்றாள். குரலில் அக்கா இல்லை.

மூத்தவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அன்று முதல் இளையவள் அவள் புடவையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள், மாமியாரிடம் கோள் சொன்னாள், அவள் செருப்பை ஒளித்துவைத்தாள். மூத்தவள் கொஞ்சம் சதைபோட்டாள். மாமியார் விஷயம் தெரிந்து, அந்தச் சொல்லைத் திரும்ப ஒட்டிவிடக் கூடாதா என்று கேட்டபோது, கூட்டுகிற அம்மாள் அதை எப்போதோ எடைக்குப் போட்டுவிட்டதாக அலுவலகத்தில் சொன்னார்கள். பழைய இரும்புக் கடைக்காரன் ‘இல்லை’க்கு மட்டும் நல்ல விலை கொடுக்கிறான்.